மிதிக்காத கால்

அத்தியாயம் 6

நூம்பலில் அந்த வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தியதும் துலுக்கானத்துக்குக் கிடைத்த முதல் வரவேற்பு, "இங்க நிறுத்தாதே" என்பதுதான்.

சொன்னவர் மாடிப்படிக்குக் குறுக்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டுக்காரர் சம்பந்தம். ஆவடியில் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னும் அந்தத் தொழிற்சாலையின் கேட்டையே காவல் காப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"வேற எங்க நிறுத்தறது சார்? ஆட்டோவ மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கினு வரவா?" என்றான் துலுக்கானம்.

பின்சீட்டிலிருந்து ஜமீலா இறங்கினாள். முகப்பேரில் இரண்டாவது மாடியில் ஒரு சின்னத் துப்பறியும் அலுவலகம் அவளுடையது. துலுக்கானம் அவளுடைய உதவியாளன், வண்டியோட்டி, தேவைப்பட்டால் மெய்க்காப்பாளன். கடைசி வேலைக்கு அவன் உடம்பு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை.

"மாடி அறையைப் பார்க்கணும் சார். இன்ஸ்பெக்டர் அனுமதி குடுத்திருக்கார்."

"போலீஸ் பார்த்து முடிச்சாச்சு. நீங்க புதுசா என்னத்தப் பார்க்கப் போறீங்க?" என்றவர், ஜமீலாவுக்குப் பின்னால் இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஓ, இந்தப் பொண்ணும் வந்திருக்கா."

இந்தப் பொண்ணு என்றது ஷர்மிளாவை. மெல்லிசைக் குழு ஒன்றின் பாடகி. மாடி அறையில்தான் அந்தக் குழு ஒத்திகை பார்க்கும். நேற்று மாலை அதே அறையில், குழுவில் எலெக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கும் உத்தமனை யாரோ பின்மண்டையில் அடித்துச் சாய்த்துவிட்டார்கள். ஏதோ வட்டமான இரும்பின் விளிம்பு பட்ட காயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உத்தமனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. கையில் ரத்தத்தோடு அவன் பக்கத்தில் பிடிபட்டவன் பூபாலன், ஷர்மிளாவின் கணவன். போன வாரம் கொரட்டூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், நூறு பேர் பார்க்க, 'என் பொண்டாட்டிகிட்ட உனக்கென்னடா பேச்சு' என்று உத்தமனின் சட்டையைப் பிடித்தவனும் அவன்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

காலையில் அலுவலகத்துக்கு வந்த ஷர்மிளா உட்காரக்கூட இல்லை. "அவர் செஞ்சாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. செஞ்சிருந்தா நான் ஜாமீன் எடுக்க மாட்டேன். உள்ளயே கிடக்கட்டும்" என்றாள். புருஷன் குற்றவாளியாக இருந்தாலும் பரவாயில்லை என்று வந்து நிற்கும் கட்சிக்காரியைத் துலுக்கானம் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"நேத்து நடந்ததை ஒருதரம் சொல்லிடுங்க சார். அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்" என்றாள் ஜமீலா.

தொந்தரவு செய்யமாட்டோம் என்ற வார்த்தை சம்பந்தத்துக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது.

"சாயங்காலம் மழை பிடிச்சதும் கரண்ட் போச்சு. உள்ள புழுக்கம். இந்த நாற்காலியை இங்கேயே போட்டு உட்கார்ந்தேன். மேல அந்த டிரம்ஸ்காரனும் கஜபதியும் மட்டும் இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல கஜபதி கீ போர்டு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்கி வந்தார். 'கரண்ட் இல்லாம என்ன ரிகர்சல் சார்'னு சொல்லிட்டு வேன்ல ஏறிப் போயிட்டார். மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

கஜபதி, அந்த மெல்லிசைக் குழுவின் சொந்தக்காரர்.

"அப்புறம்?"

"கரண்ட் வந்துச்சு. வீட்ல டீ குடுத்தா, குடிச்சு முடிச்சேன். அதுக்கப்புறம் ஆரம்பிச்சான் பாருங்க மேல. ஒரே அடி. தாளமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. முதல்ல டொம் டொம்னு கனமா இருந்துச்சு. போகப்போக சன்னமாகிக்கிட்டே போயி, கடைசியில கொசு கத்தற மாதிரி கிச் கிச்சுன்னு ஆயிடுச்சு. எனக்கு எரிச்சல் மூட்டறதுக்குன்னே பண்றான்னு நினைச்சேன். பூட்டை எடுத்து இந்தப் படிக் கம்பியில தட்டித் தட்டி, 'நிறுத்துடா'ன்னு கத்தினேன். நிறுத்தவே இல்ல. அப்பத்தான் இந்தப் பொண்ணோட புருஷன் வந்தான். மூஞ்சியே சரியில்ல. 'அவன் மேல இருக்கானா?'ன்னான். 'இருக்கான், போய் நிறுத்தச் சொல்லு'ன்னேன். மேல போனவன் உடனே அலறினான். நான் ஏறிப் பார்த்தா, கதவுகிட்ட அந்த டிரம்ஸ்காரன் தலையெல்லாம் ரத்தம், இவன் கையெல்லாம் ரத்தம். அப்பவும் மெஷின் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. சத்தத்தைக் குறைக்கிற திருகை நான்தான் திருப்பி வச்சேன்."

"வேற யாராவது மேல ஏறியிருக்கலாமா?"

"என்னைத் தாண்டி ஒரு ஈ ஏற முடியாது."

"அது நல்லா தெரியுது சார்" என்றான் துலுக்கானம், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் தன் தொப்பையை நுழைக்க முயன்றபடி.

போலீஸ் கணக்கு எளிமையானது. கரண்ட் வருவதற்கு முன்பே கஜபதி போய்விட்டார். கரண்ட் வந்த பிறகு உத்தமன் டிரம் அடித்திருக்கிறான். அப்படியானால் அப்போது அவன் முழு நினைவோடு இருந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் மேலே போன ஒரே ஆள் பூபாலன். கணக்கு முடிந்தது.

மாடியில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் கதவைத் திறந்துவிட்டு, "எதையும் தொடக் கூடாது" என்றார். அவருக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை.

அறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். சுவரோரமாக நாலைந்து மைக் ஸ்டாண்டுகள். நடுவில் இடுப்புயரத் தாங்கியின் மேல் அந்த டிரம் பேட், எட்டு ரப்பர் கட்டங்களோடு, ஒரு பெரிய தட்டைப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது. அதன் சின்னத் திரையில் வெளிச்சம் இருந்தது. ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கீழே தரையில் ஒரு மரப்பலகை, அதன்மேல் பக்கம் பக்கமாக இரண்டு கால் சுவிட்சுகள். பலகையிலிருந்து கதவு வரைக்கும் காய்ந்த ரத்தம் இழுபட்டிருந்தது.

"இந்த மெஷினை நேத்துலேருந்து யாரும் அணைக்கலையா?" என்று கேட்டாள் ஜமீலா.

"எதையும் தொடாதேன்னுதானே எனக்கும் உத்தரவு" என்றார் கான்ஸ்டபிள்.

"ராத்திரி கரண்ட் போச்சா?"

"இல்ல. அதான் ஒரே நல்ல விஷயம். ஃபேனாவது ஓடுச்சு."

ஜமீலா கால் சுவிட்சுகளின் பக்கத்தில் குந்தினாள். "ஷர்மிளா, இது ரெண்டும் எதுக்கு?"

ஷர்மிளா கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அந்த ரத்தக் கோட்டைத் தாண்டி வர அவளுக்கு மனமில்லை. "கச்சேரியில உத்தமனுக்கு ரெண்டு கையும் ஓயாது. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்த பாட்டுக்கு வேற சத்தம் வேணும், வேற சுருதி வேணும். கையை எடுத்துப் பட்டனை அமுக்க நேரம் ஏது? காலாலயே எல்லா அமைப்பையும் மாத்திடுவார். இடது சுவிட்சை மிதிச்சா, கடைசியா அடிச்ச பேடோட அமைப்பு திறக்கும். வலது சுவிட்சை மிதிச்சா சுருதி ஒரு படி ஏறும். மிதிச்சபடியே இருந்தா ஏறிக்கிட்டே போகும். ஒவ்வொரு படிக்கும் அந்தச் சத்தத்தை ஒருதரம் போட்டுக் காட்டும். காதால கேட்டு, வேணுங்கற இடத்துல காலை எடுத்துடலாம்."

"எடுக்கலைன்னா?"

"உச்சம் வரைக்கும் ஏறும். அப்புறம் அந்த உச்சத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கும்."

ஜமீலா எழுந்து கைக்குட்டையால் சத்தத் திருகைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

கிச். கிச். கிச். கிச்.

நேற்று மாலையிலிருந்து, வாயைப் பொத்தி வைத்த மாதிரி, இந்த மெஷின் விடாமல் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சிவப்பு விளக்கு மின்னியது அதற்காகத்தான்.

"யாருமே மிதிக்கல. அப்புறம் யாருக்கு மேடம் கத்திகினு கீது?" என்று குனிந்து பார்த்தான். "சுவிட்ச் மாட்டிக்கிச்சா இன்னா?"

"வலது சுவிட்சை மிதிங்க, துலுக்கானம்."

மிதித்தான். சத்தம் நின்றது. காலை எடுத்தான். கிச் கிச் என்று மறுபடி ஆரம்பித்தது. மிதித்தான், நின்றது.

"இது இன்னா மேடம், எங்க ஏரியா கவுன்சிலர் மாதிரி கீது. கால்ல உயுந்தா சும்மா கீறாரு, எயுந்தா கத்துறாரு."

ஜமீலா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் போனால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரியும்.

"ஷர்மிளா, இப்படித் தலைகீழா வேலை செஞ்சு முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"ஒருதரம். திருவேற்காட்டுல ஒரு கல்யாணத்துல." ஷர்மிளா இப்போது ஓரடி உள்ளே வந்திருந்தாள். "மெஷினை ஆன் பண்றப்ப உத்தமனோட கால் சுவிட்ச் மேலேயே இருந்திருக்கு. அந்த மெஷின் உயிர் வர்ற நேரத்துல சுவிட்ச் எப்படி இருக்கோ, அதைத்தான் மிதிக்காத நிலைன்னு எடுத்துக்குமாம். அப்புறம் காலை எடுத்தா மிதிச்சதா நினைச்சுக்கும். மேடையில மானம் போச்சு. கஜபதி சார்தான் கண்டுபிடிச்சு, அணைச்சு மறுபடி போட்டுச் சரி பண்ணினார்."

"துலுக்கானம், இந்தக் கூத்தை அப்படியே ஃபோன்ல வீடியோ எடுங்க. பிளக் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க."

அவன் எடுத்து முடித்து ஃபோனைப் பைக்குள் போடவும், மாடிப்படியில் பல காலடிகள் ஏறி வரவும் சரியாக இருந்தது.

முதலில் வந்தவர் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக ஒரு கனத்த மனிதர். கஜபதி. அவருக்குப் பின்னால் மூட்டை தூக்கும் ஆட்கள் இருவர்.

"நேரம் முடிஞ்சுது, கிளம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கஜபதி சாருக்கு இன்னைக்கு ரிசப்ஷன் கச்சேரி. சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போகட்டும். நமக்குத் தேவையானதைப் படம் எடுத்தாச்சு."

கஜபதி ஷர்மிளாவை மட்டும் பார்த்தார். "புருஷன் செஞ்சதுக்குப் பொண்டாட்டி துப்பறிய வந்தியா? உத்தமன் எனக்குத் தம்பி மாதிரி. அவன் பிழைச்சு வரட்டும், உன்னை எந்த மேடையில ஏத்தறாங்கன்னு நான் பார்க்கறேன்."

கஜபதி ஸ்பீக்கர்களைப் பார்க்கவில்லை, மைக்குகளைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரில் இருந்த பிளக்கை நோக்கி நடந்தார். குறுக்கே துலுக்கானம் நின்றான்.

"நவுரு."

"நைனா, இந்த இடத்துல எனக்குக் காத்து நல்லா வருது."

கஜபதியின் கை அவன் காலரைப் பிடித்தது. சாராயம் குடிக்காத வாய், ஆனால் மூச்சில் அனல் அடித்தது. துலுக்கானத்தின் குதிகால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. வேறு நாளாக இருந்தால் அவன் நகர்ந்திருப்பான். மேடம் விடாதே என்று சொல்லியிருந்ததால் இரண்டு கையாலும் பின்னால் இருந்த பிளக்கை மறைத்துக்கொண்டு நின்றான்.

"கஜபதி சார், கையை எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர், அரை மனதாக. பிறகு ஜமீலாவிடம், "என்னம்மா இது, ரவுடித்தனம் பண்றீங்களா?" என்று முழு மனதோடு கேட்டார்.

"அவருக்கு என்ன அவசரம்னுதான் கேக்கறேன் சார். ஸ்பீக்கர் இருக்கு, மைக் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல பிளக்கை எதுக்குப் பிடுங்கணும்?"

"என் மெஷின், நான் பிடுங்கறேன்" என்றார் கஜபதி. "ஒருதரம் அணைச்சுப் போட்டாத்தான் கால் சுவிட்ச் சரியா வேலை செய்யும். சாயங்காலம் கச்சேரி இருக்கு. உனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

ஜமீலா மெதுவாகக் கேட்டாள்.

"கால் சுவிட்ச் சரியா வேலை செய்யலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கஜபதியின் பிடி துலுக்கானத்தின் காலரில் தளர்ந்தது.

"நேத்து கரண்ட் திரும்பி வந்தப்புறம் நீங்க இந்த அறைக்கு வரவே இல்லை. அது கெட்டுப்போச்சுன்னு எங்களுக்கே இப்பத்தான் தெரியும். நாங்க வாயைத் திறக்கலை."

"சம்பந்தம் சார் ஸ்டேஷன்ல சொன்னார். சத்தம் ஏறிக்கிட்டே போச்சுன்னு."

"ஆமா, சொன்னார். இன்ஸ்பெக்டரும் கேட்டார். அவருக்கு அது டிரம் சத்தம். உங்களுக்கு மட்டும் அது கால் சுவிட்ச்னு புரிஞ்சிருக்கு. புரிஞ்ச உடனே ஏன் சொல்லலை?"

ஜமீலா இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் திரும்பினாள். துலுக்கானத்திடம் ஒரு கண்ணசைவு. அவன் போய் வலது சுவிட்சை மிதித்தான். சத்தம் நின்றது. எடுத்தான். கிச் கிச்.

"கரண்ட் திரும்பி வந்து இந்த மெஷினுக்கு உயிர் வந்த நேரத்துல, சுவிட்ச் ரெண்டும் அழுந்தி இருந்திருக்கு சார். அதனாலதான் இப்படித் தலைகீழா மாறியிருக்கு. உத்தமன் நின்னு மிதிச்சுக்கிட்டு இருந்தாரா? காலை வச்சுக்கிட்டு மெஷினைப் போட்டா என்ன ஆகும்னு மேடையில பட்டவர் அவர். தெரிஞ்சு வைக்க மாட்டார். பலகையைப் பாருங்க. சுவிட்ச் ரெண்டும் ரத்தத்துல ஊறியிருக்கு. அவர் இதுமேல விழுந்து கிடந்தார். கரண்ட் வரும்போதே அடிபட்டுக் கிடந்தார்."

"அப்போ அந்த டிரம் சத்தம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் அடிக்கலை சார். யாரும் மிதிக்கவும் இல்லை. மெஷினுக்கு உடம்பு விலகினாத்தான் மிதிச்ச மாதிரி. லேசா நினைவு வந்து அவர் கதவுகிட்ட ஊர்ந்திருக்கார். உடம்பு விலகினதும் இடது சுவிட்ச் அமைப்பைத் திறந்துச்சு. வலது சுவிட்ச் சுருதியை ஏத்த ஆரம்பிச்சு இன்னும் ஏத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தத்தை வச்சுத்தான் அவர் அப்ப நல்லா இருந்தார்னு நாம முடிவு பண்ணிட்டோம். பூபாலன் வந்தது அதுக்கப்புறம். கரண்ட் இல்லாத நேரத்துல உத்தமன்கூட இருந்தது ஒரே ஆள், கஜபதி சார். கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டேன்னு அவரே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கார்."

கஜபதி சிரிக்க முயன்றார். "இருட்டுல கால் தடுக்கி விழுந்திருப்பான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"பின்மண்டையில வட்ட இரும்போட காயம்னு டாக்டர் சொல்றார். அந்த இரும்பை நீங்க தேடினீங்களே சார், கிடைச்சுதா?"

"பக்கத்து மனையில முள்ளுக்குள்ள எறிஞ்சிருப்பான் பூபாலன்" என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லும்போதே அவர் குரலில் அழுத்தம் குறைந்துவிட்டது.

"சம்பந்தம் சார் உடனே ஏறி வந்துட்டார். எறிய நேரம் எங்கே?" ஜமீலா சுவரோரத்தைக் காட்டினாள். அங்கே மைக் ஸ்டாண்டுகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நிற்கவில்லை, சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அடியில் வட்டமான இரும்புப் பாதம் இல்லை. வெறும் குழாய். "பூபாலன் இந்த அறையை விட்டு உங்க ஜீப்புக்குத்தான் போனார். கஜபதி சார்தான் தோள்ல பையோட போனார்."

வாசலில் நின்ற மூட்டைக்காரர்களில் ஒருவன், யாரும் கேட்காமலேயே, "அதானே பார்த்தேன்" என்றான். "வேன்ல ஒரு ரவுண்டு இரும்பு மட்டும் தனியா கீது. அதுமேல மாட்டற மைக் கொயா எங்கன்னு காலீலருந்து தேடினுகீறேன்."

கஜபதி அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஓரடி பின்னுக்குப் போனான். இன்ஸ்பெக்டர் தலையசைக்க, கான்ஸ்டபிள் படியில் தடதடவென்று இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது. "இருக்கு சார். கழுவியிருக்காங்க. மரை இடுக்குல கறை இருக்கு."

கஜபதி கையைத் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நான் உண்டாக்கின குழு இது" என்றார், யாரையும் பார்க்காமல். "தனியாப் போறேன்னான். போய்த் தொலைன்னேன். பாட்டுக்காரியையும் கூட்டிக்கிட்டுப் போறேன்னான். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அந்தப் பேடைத் தட்டிக்கிட்டே சொன்னான்."

ஷர்மிளா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் வரேன்னு சொல்லவே இல்லையே. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா? உத்தமனும் கேக்கலை, நீங்களும் கேக்கலை, என் வீட்டுக்காரரும் கேக்கலை."

கஜபதியை அழைத்துக்கொண்டு இறங்கும்போது இன்ஸ்பெக்டர் ஜமீலாவிடம், "அந்த வீடியோவை ஸ்டேஷன்ல குடுங்க. அடுத்த தடவை முதல்ல எங்களுக்குச் சொல்லணும்" என்றார். நன்றியைக்கூட அவரால் மிரட்டலாகத்தான் சொல்ல முடிந்தது.

ஷர்மிளா இன்னும் அந்த ரத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் வீட்டுக்காரர் அடிக்கத்தானே வந்தார்?"

"ஆமா" என்றாள் ஜமீலா. "ஆனா வந்தவர் தூக்கத்தான் பார்த்திருக்கார். கையில ரத்தம் அதனாலதான்."

"வெளிய வரட்டும். அவர்கிட்ட நான் பேச வேண்டியது நிறைய இருக்கு." அவள் முகம் கொஞ்சமும் இளகவில்லை. ஆனால் மூக்கு சிவந்திருந்தது.

கீழே சம்பந்தம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கஜபதி ஜீப்பில் ஏற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறார். மேலே பேசியதில் பாதி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அப்போ நான் கேட்ட சத்தம்..." என்று ஜமீலாவைப் பார்த்தார்.

"அவர் அடிச்சது இல்ல சார். அடிபட்டுக் கிடந்தவர் கதவுகிட்ட வரப் பார்த்தார். அப்ப ஆரம்பிச்ச சத்தம் அது."

"நான் நிறுத்துடான்னு கத்தினேன்."

சம்பந்தம் படியின் கம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"கம்பியில தட்டித் தட்டிக் கத்தினேன். ஏறிப் போய் என்னன்னு பார்க்கல." அவர் குரலில் இருந்த சண்டை எங்கேயோ போய்விட்டிருந்தது. "எனக்கு எப்படித் தெரியும்?"

யாரோ மறுத்துப் பேசியதுபோலச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிப் படிக்கட்டிலிருந்து நகர்த்திச் சுவரோரமாகப் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜமீலாவும் ஷர்மிளாவும் ஆட்டோவில் ஏறினார்கள். துலுக்கானம் வண்டியைக் கிளப்பி, தெருவுக்குள் திருப்புவதற்குள் பின்னாலிருந்து கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சம்பந்தம் வேகமாக வந்தார். வெளுத்த சட்டை ஒன்றை மாட்டியிருந்தார், பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"அந்தப் பையனை வச்சிருக்கற ஆஸ்பத்திரி பக்கம் போவீங்களா?"

இதற்குச் சொல்லத் துலுக்கானத்திடம் நாலு பதில் இருந்தது. நாலையும் விழுங்கிவிட்டு, முன்சீட்டைத் துண்டால் துடைத்து, தான் ஓரமாக நகர்ந்து இடம் விட்டான்.

"ஏறுங்க சார். கெட்டியா புடிச்சிக்கோங்க."